அட்டமி நவமியில் பாய் விரிக்க

மார்ச் மாதப் பௌர்ணமி, நண்பகல். இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் கரையிலுள்ள சால்கம்ப் ஊரில், பாட்சன் ஓடையின் ஓரமாக நானும் நண்பரும் நின்றோம். கண்ணெட்டிய தூரம் வரை சேறு. படகுகள் பக்கவாட்டில் சாய்ந்து, வெயிலில் படுத்த எருமைகளைப் போலக் கிடந்தன. நண்பர் கையிலிருந்த நோட்டுப்புத்தகத்தை மூடினார். “இதில் எங்கே பந்தயம் விடுவது?” என்று என்னைக் கேட்கவில்லை, தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

அவர் ஓய்வு பெற்ற தச்சுவேலை ஆசிரியர். எழுபது தாண்டியவர். அவரிடம் 1950-களில் கட்டிய ஒரு ஃபயர்ஃபிளை படகு இருக்கிறது. சில ஆண்டுகளாக சனிக்கிழமைகளில் அதன் முன்பாயைப் பிடிப்பவன் நான். இந்த ஆண்டு அவருக்கு ஒரு ஆசை: பழைய மரப் பந்தயப் படகு வைத்திருக்கும் இருபது, முப்பது பேரை ஒரு வார இறுதிக்கு ஒரே நீர்நிலையில் கூட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்புவது. அதற்கு இடம் தேடித்தான் இந்த மூன்று நாள் பயணம்.

பேசுவது பெரிய கப்பல்களைப் பற்றியல்ல. பத்திலிருந்து பதினான்கு அடி நீளம், ஒருவரோ இருவரோ ஏறும், காரின் பின்னால் கட்டி இழுத்துப் போகும் டிங்கிகளைப் பற்றி. அந்தச் சொல்லே வங்காளத்து ஆறுகளிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. எங்கள் கட்டுமரம் அவர்கள் வாயில் ‘கேட்டமரான்’ ஆனதைப் போல, டிங்கியும் கப்பலேறி ஊர் மாறிய சொல். 1920-களிலிருந்து 1960-கள் வரை இந்தச் சின்னப் படகுகளில் இங்கிலாந்தில் நடந்தது ஒரு பெரிய கைவினைப் புரட்சி. உஃபா ஃபாக்ஸ் என்ற ஐல் ஆஃப் வைட் தீவுக்காரர் 1928-ல் ‘அவெஞ்சர்’ என்ற பதினான்கடிப் படகைக் கட்டினார். அது நீரைப் பிளந்துகொண்டு போவதோடு நிற்காமல், நல்ல காற்றில் எழும்பி நீரின் மேல் வழுக்கி ஓடியது. அந்த ஆண்டில் 57 முறை பந்தயத்தில் இறங்கி 52 முறை முதலில் வந்தது. இன்று கார்பன் இழையில் வார்க்கும் பந்தயப் படகுகளின் வேகத்துக்கு ‘அவெஞ்சரின்’ அடிப்பகுதி வளைவுதான் மூலம்.

முந்தின நாள் மாலை டார்க்கியில் தங்கியிருந்தோம். அன்று விடிந்ததும் டார் விரிகுடாவின் கரையில் நடந்தோம். நான் பார்த்தே ஆக வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்திருந்த இடம் அது. 1948 லண்டன் ஒலிம்பிக்கின் பாய்ப்படகுப் போட்டிகள் இங்கேதான் நடந்தன. போர் முடிந்து மூன்றே ஆண்டு. உணவுக்குப் பங்கீடு இருந்த நாடு. வெம்ப்ளியிலிருந்து தீப்பந்தத்தை ஓடிக் கொண்டுவந்து, டார் ஆபி மடத்து வெளியில் இங்கும் ஓர் ஒலிம்பிக் சுடர் ஏற்றினார்கள். தனியாள் போட்டிக்குத் தேர்ந்த படகு ஃபயர்ஃபிளை. அதையும் வரைந்தவர் உஃபா ஃபாக்ஸ்தான். ஹாம்பிளில் ஃபேரி நிறுவனம் அதைக் கட்டியது. மெல்லிய மரத்தாள்களை அச்சின் மேல் குறுக்கு மறுக்காக ஒட்டி, பெரிய அழுத்தக் கலனுக்குள் வைத்துச் சூட்டில் வேகவைத்து எடுக்கிற முறை. போர்க்காலத்தில் விமானத் தொழிலில் பழகிய கை, சமாதானம் வந்ததும் படகுக்குத் திரும்பியது.

இருவர் ஓட்டுவதற்காகச் செய்த படகை ஒருவரே ஓட்ட வேண்டும் என்பதுதான் அந்தப் போட்டியின் சோதனை. டென்மார்க்கிலிருந்து பால் எல்வ்ஸ்ட்ரோம் என்ற 20 வயது இளைஞன் வந்தான். ஏழு பந்தயங்களில் முதலாவதில் இடையிலேயே விலகினான். கடைசி இரண்டையும் வென்று தங்கத்தோடு போனான். அதன் பிறகு 1952, 1956, 1960 என்று அடுத்தடுத்து மூன்று தங்கம். பின்னாளில், ஓட்டுபவர் தன் உடலைப் படகுக்கு வெளியே சாய்த்து எடையைச் சமன்செய்வதை ஒரு கலையாகவே அவர் ஆக்கினார். வீட்டில் ஒரு பலகை அமைத்து அதில் சாய்ந்து பயிற்சி செய்தவர்.

“இங்கேயே வைத்துக்கொள்ளலாமே” என்றேன். இடம் வரலாற்றுக்குப் பொருத்தம். எந்த நேரத்திலும் ஆழத்துக்குக் குறைவில்லை. நண்பர் கிழக்கே கை காட்டினார். டார் விரிகுடா கிழக்கு பார்த்தது. எங்கள் தூத்துக்குடியில் கச்சான் என்று சொல்லும் மேல்காற்று அடித்தால் அருமையான மறைவு. ஆனால் காற்று கிழக்கே திரும்பினால் கடல் முழுக்க உள்ளே வந்துவிடும். பழைய படகுகளின் மிதவைப் பைகளை நம்பி அந்த அலையில் இறக்க முடியாது. கவிழ்ந்தால் உள்ளே நிறையும் தண்ணீரை வெளியே தள்ளும் ஏற்பாடு இந்தக் காலத்துப் படகுகளுக்கு உண்டு, இவற்றுக்கு இல்லை. வாளிதான். இருபது படகுக்கு நான்கு மீட்புப் படகாவது வேண்டும், அதற்கு ஆள் வேண்டும் என்று எழுதிக்கொண்டார். எல்வ்ஸ்ட்ரோமின் கடலை விட்டுப் புறப்பட எனக்கு மனம் வரவில்லை. நண்பரோ டார்க்கி என்ற பெயரை ஒரு கோட்டால் அடித்தார்.

அங்கிருந்து வேலிப்புதர் உயர்ந்த குறுகிய சாலைகளில் வந்து சேர்ந்த இடம்தான் இந்தச் சேறு. சால்கம்ப்புக்கு வந்ததற்கு நல்ல காரணம் இருந்தது. பெரிய ஆறு எதுவும் வந்து கலக்காத கழிமுகம் இது. பனியுகம் முடிந்து கடல் உயர்ந்தபோது மூழ்கிப்போன பள்ளத்தாக்கு. இருபுறமும் குன்று, நடுவே கிங்ஸ்பிரிட்ஜ் வரை நீளும் நீர்க்கிளைகள். கடலின் கொந்தளிப்பு வாயிலிலுள்ள மணல்திட்டோடு நின்றுவிடும். ஒவ்வொரு ஜூலையிலும் மெர்லின் ராக்கெட் வகைப் படகுகள் இங்கே ஒரு வாரம் கூடிப் பந்தயம் விடுகின்றன. குன்றிலிருந்து இறங்கும் காற்று நிமிடத்துக்கு ஒரு திசை மாறுவதால், இங்கே ஓட்டிப் பழகியவர் எங்கும் ஓட்டுவார் என்பார்கள். ஆனால் ஓதம்? பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் இங்கே பெருக்குக்கும் வற்றுக்கும் இடையில் நான்கு மீட்டருக்கு மேல் வித்தியாசம். நான் வளர்ந்த மன்னார் வளைகுடாவில் அது ஒரு மீட்டரைக்கூடத் தொடாது. நின்ற இடத்திலிருந்து மாடிவீட்டு உயரத்துக்குக் கடல் ஏறி இறங்குவது எனக்கு இன்னும் பழகவில்லை. அதிலும் மார்ச், செப்டம்பரில் பகலும் இரவும் சமமாகும் நாள்களை ஒட்டி வரும் ஓதம் ஆண்டிலேயே பெரியது.

சேற்றைப் பார்த்தபடி ஒரு கல்திண்ணையில் உட்கார்ந்து ரொட்டி தின்றோம். அப்போதுதான் நண்பர் தன் திட்டத்தின் ஆணிவேரைச் சொன்னார். கூட்டம் நடத்துகிறவர்கள் பொதுவாக முதல் பரிசு வாங்கப்போகும் படகை நினைத்துப் பாதையும் நேரமும் வகுப்பார்கள். இவர் தலைகீழாக எண்ணுகிறார். வரப்போகும் படகுகளிலேயே மிகவும் கிழடானது, மிகவும் ஒழுகுவது எதுவோ, அதிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு எது தேவையோ அதுவே நிகழ்ச்சிநிரல்.

அப்படிப்பட்ட படகு ஒன்று அவர் பட்டியலில் இருந்தது. 1930-களில் கட்டிய நேஷனல் 12. பதினான்கடிப் படகுகளின் விலை சாமானியர்களுக்கு எட்டாமல் போனதால், 1936-ல் அவர்களுக்கென்று தொடங்கிய பன்னிரண்டடி வகை. அதன் உடல், ஓட்டுக்கூரை வேய்ந்ததுபோல் பலகை மேல் பலகை சற்றே ஏறி, செம்பு ஆணிகளால் இறுக்கிய அமைப்பு. பசை இல்லை. குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடந்தால் பலகை காய்ந்து சுருங்கிவிடும். இணைப்பெல்லாம் வாய் பிளக்கும். நீரில் இறக்கிய உடனே சல்லடை மாதிரி ஒழுகும். அதற்கு வைத்தியம் அரக்கோ தாரோ இல்லை. தண்ணீர்தான். உள்ளேயும் சில வாளி ஊற்றி, கரையோரம் கட்டிவைத்தால், மரம் தண்ணீர் குடித்து விரிந்து தானே இணைப்பை மூடிக்கொள்ளும். ஓட்டாமல் பாதுகாப்பாக வைத்திருக்கும் மரப்படகு மெல்லச் சாகிறது. நனைகிற படகு பிழைக்கிறது. இந்த வார இறுதியின் முழு நியாயமும் எனக்கு அந்த ஒரு செய்தியில் இருந்தது. கண்காட்சி வைக்க ஒரு மண்டபம் போதும். படகுகள் நீரைக் குடிக்க வேண்டும் என்றால் கூட்டித்தான் ஆக வேண்டும்.

அன்று பிற்பகலே டேமர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி கார்ன்வாலுக்குள் போனோம். மறுநாள் ஃபால்மத்.

ஃபால் ஆற்றுமுகம் அகன்றது, ஆழமானது. பந்தயம் விட இதைவிட நல்ல நீர் வேண்டியதில்லை. 1938-ல் இளவரசர் கோப்பைக்கான பதினான்கடிப் படகுப் போட்டி ஃபால்மத்தில் நடந்தது. ஜான் விண்டரும் பீட்டர் ஸ்காட்டும் ‘தண்டர் அண்ட் லைட்னிங்’ என்ற படகில் வந்தார்கள். தென்துருவத்திலிருந்து திரும்பாத கேப்டன் ஸ்காட்டின் மகன்தான் பீட்டர். பறவைகளை வரைந்தும் காத்தும் பின்னாளில் பேர் பெற்றவர். அவர்கள் படகில் ஒரு புதுமை இருந்தது. பாய்மரத்தின் உயரத்திலிருந்து ஒரு கம்பி தொங்கியது. துணை ஓட்டுநர் அதை இடுப்புக் கச்சையில் மாட்டிக்கொண்டு, படகின் விளிம்பில் காலை ஊன்றி, முழு உடலையும் நீரின் மேல் நீட்டிப் படுத்தார். மற்ற படகுகள் காற்றில் சாய்ந்து தடுமாற, அது நிமிர்ந்து ஓடி வென்றது. ‘டிரப்பீஸ்’ என்று இன்று உலகமெங்கும் வழங்கும் அந்த உத்தியை உடனே அந்த வகையில் தடை செய்துவிட்டார்கள். முப்பது ஆண்டு கழித்துத்தான் மறுபடி அனுமதி. புதுமை செய்தவனை முதலில் தண்டிப்பது படகுக்காரர்களின் பழக்கம் மட்டுமில்லை. ஆனாலும் அந்தத் தடையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஆனால் ஃபால்மத்தில் என்னைக் கட்டிப்போட்டது அந்தக் கதையில்லை. மைலர் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆற்றுமுகத்தின் நடுவே நான்கைந்து பாய்ப்படகுகள் காற்றோடு மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தன. பந்தயமில்லை, உல்லாசமும் இல்லை. சிப்பி வாருகிறார்கள். இந்த நீரில் இயற்கையாக விளையும் சிப்பியை எடுக்க இயந்திரப் படகைப் பயன்படுத்தக் கூடாது என்பது நெடுங்காலச் சட்டம். பாய் அல்லது துடுப்பு. அக்டோபரில் தொடங்கி மார்ச்சோடு முடியும் பருவம். நாங்கள் பார்த்தது அந்தப் பருவத்தின் கடைசி நாள்களில் ஒன்று. இரும்புச் சட்டம் வைத்த வலையை அடியில் இழுத்து, ஏற்றி, கொட்டி, சிறுசிப்பியைத் திரும்ப நீரிலேயே வீசுகிறார்கள். காற்றின் வேகத்துக்கு மேல் யாராலும் வார முடியாது. அதனால் சிப்பிப்படுகை மிஞ்சியது. படுகை மிஞ்சியதால் படகுகளும் மிஞ்சின. கோடையில் இதே படகுகள் பெரிய பாய் கட்டிப் பந்தயம் விடும்.

நான் சிறுவனாக இருந்தபோது தூத்துக்குடித் துறையில் தோணிகள் பாய் விரித்துக் கொழும்புக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். நூறு டன்னுக்கு மேல் சரக்கு ஏற்றும் மரத்தோணிகள். பின்பு ஒவ்வொன்றாக எஞ்சின் ஏறியது. பிழைப்புக்கு அது வேண்டியிருந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாயில் ஓட்டிய தண்டல்களின் கையிலிருந்த வித்தை எங்கே போய் நின்றது என்று நினைக்கிறபோது நெஞ்சு கனக்கிறது. மைலர் கரையில் நின்று அந்தச் சிப்பிப் படகுகளை ஒரு மணி நேரம் பார்த்தேன். நண்பர் அவசரப்படுத்தவில்லை. காருக்குப் போய், ஃபிளாஸ்கில் தேநீர் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

ஃபால்மத்தை அவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. காரணம் தூரம். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வருபவர்கள் படகை இழுத்துக்கொண்டு டெவனைத் தாண்டி இன்னும் இரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டும். வருபவர்களில் பாதிப்பேர் அவர் வயதுக்காரர்கள். கிழட்டுப் படகுக்குப் பார்ப்பதுபோல் கிழட்டு ஓட்டுநருக்கும் பார்க்க வேண்டும் என்றார்.

அன்றிரவு கிங்ஸ்பிரிட்ஜில் ஒரு சிறிய விடுதியில் தங்கினோம். சாப்பாட்டு மேசையில் நோட்டு, பென்சில், ஓத அட்டவணை. முதலில் பந்தய முறை. வெவ்வேறு வகைப் படகுகளை ஒன்றாக ஓட்ட, பிரிட்டனில் போர்ட்ஸ்மத் யார்ட்ஸ்டிக் என்ற எண்கணக்கு உண்டு. எண் கூடக்கூட வேகம் குறைவு. மிரர் படகுக்கு 1390 அளவில், மெர்லின் ராக்கெட்டுக்கு 980 அளவில். எடுத்துக்கொண்ட நேரத்தை எண்ணால் வகுத்து, எல்லோரையும் ஒரே தராசில் வைக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் யார் வென்றார் என்பது கரைக்கு வந்து, கணக்குப் போட்டு, தேநீர் ஆறிய பிறகே தெரியும். நண்பருக்கு அது பிடிக்காது. அவர் எடுத்தது துரத்தல் பந்தயம். மெதுவான படகு முதலில் புறப்படும், வேகமானது கடைசியில். தொண்ணூறு நிமிடப் பந்தயம் என்றால், மிரர் கிளம்பி ஏறக்குறைய 26 நிமிடம் கழித்துத்தான் மெர்லின் ராக்கெட்டுக்கு விடை. எல்லோரும் கணக்குப்படி ஓட்டினால் முடிவில் மொத்தக் கூட்டமும் ஒரே இடத்தில் வந்து நெருக்கும். அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தை, கரையில் நிற்கும் பேரப்பிள்ளைகூடக் கணக்கில்லாமல் பார்த்துப் புரிந்துகொள்ளும். தொண்ணூறு ஆண்டு வயதான படகுக்கு மட்டும் எந்த அட்டவணை எண்ணும் பொருந்தாது. அதற்கு அவரே மனசாட்சிப்படி சில நிமிடம் சேர்த்தார்.

மிரரைப் பற்றி ஒரு வார்த்தை. 1963-ல் ஜாக் ஹோல்ட்டும், தொலைக்காட்சியில் வீட்டு மரவேலை சொல்லித்தந்த பாரி பக்னெலும் சேர்ந்து உருவாக்கிய, பத்தடி பத்தங்குலப் படகு. டெய்லி மிரர் பத்திரிகை அதைப் பரப்பியது. அதனால்தான் பாய் சிவப்பு. வீட்டுக் கொட்டகையிலேயே கட்டிக்கொள்ளலாம். ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செம்புக் கம்பியால் தைத்து, தையலின் மேல் கண்ணாடியிழை நாடாவைப் பசையில் தோய்த்து ஒட்ட வேண்டியதுதான். எழுபதாயிரத்துக்கு மேல் கட்டியிருக்கிறார்கள். பாட்சன் படகு நிறுத்தத்தில் ஒரு பழைய மிரர் கவிழ்ந்து கிடந்தது. நாடா தேய்ந்த இடத்தில் செம்புத் தையல் பச்சை பூத்துத் தெரிந்தது. விரலால் தடவினேன். பலகையைக் கயிற்றால் தைத்துச் சென்னைக் கரையின் அலையைத் தாண்டிய மசூலாப் படகுகள் நினைவுக்கு வந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று சொல்லவில்லை. ஆணியில்லாமல் மரத்தை மரத்தோடு சேர்க்க நினைத்தவன் எங்கும் ஊசியைத்தான் எடுத்திருக்கிறான்.

பிறகு நாள். அட்டவணையைப் பார்த்துக்கொண்டே வந்த நண்பர், நிலவின் பாதி வட்டம் போட்டிருந்த நாள்களில் பென்சிலை நிறுத்தினார். அரைநிலவை ஒட்டிய நாள்களில் ஓதம் சின்னது. பெருக்கு அவ்வளவு ஏறாது, வற்று அவ்வளவு இறங்காது, நீரோட்டமும் வலுவிழந்திருக்கும். தென் டெவன் கரைக்கு இன்னொரு வசதியும் உண்டு. பெரிய ஓத நாள்களில் நண்பகலில் வற்று. அதைத்தான் சேறாகப் பார்த்தோம். சின்ன ஓத நாள்களில் அது புரண்டு, நண்பகலை ஒட்டிப் பெருக்கு. அதாவது பந்தய நேரத்தில் நீர் நிறைந்திருக்கும், ஆனால் இழுக்காது. பழைய படகுக்கு இதைவிட என்ன வேண்டும்?

எனக்குச் சிலிர்த்தது. அரைநிலவு என்றால் அட்டமி. அதற்கு மறுநாள் நவமி. ‘அட்டமி நவமியில் எந்தக் காரியத்தையும் தொடங்காதே’ என்று என் அம்மா எத்தனை முறை வாசலில் நிறுத்தியிருக்கிறார்! நண்பருக்கு அதை விளக்கினேன். அவர் வெகு கவனமாகக் கேட்டுக்கொண்டு, உங்கள் ஊர் மீனவர்கள் அந்த நாள்களை எப்படிப் பார்ப்பார்கள் என்றார். ஓட்டம் குறைந்த நாள் என்று அவர்களுக்கும் தெரியும், வலை போடுவதையே பிறையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள் என்றேன். நோட்டில் ‘அஷ்டமி’ என்று ஆங்கில எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டார். செப்டம்பரில், பள்ளிகள் திறந்து உல்லாசப் பயணிகள் ஊர் திரும்பிய பின், அரைநிலவை அடுத்த வார இறுதி ஒன்று கிடைத்தது. நீரும் அப்போது கதகதப்பாக இருக்கும்.

மீதித் திட்டம் விறுவிறுவென்று முடிந்தது. சனிக்கிழமை ஒரே ஒரு துரத்தல் பந்தயம். மாலையில் ஊர் மண்டபம். மதுக்கூடத்தில் காது மந்தமானவர்கள் பேச முடியாது. ஒரு மேசையில் பழைய கப்பி, கொக்கி, பருத்திப் பாய்த்துண்டு, யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ள. ஞாயிறு காலை பந்தயமே கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அன்று எல்லோரும் படகை மாற்றிக்கொள்ள வேண்டும். முக்கியமாக, மரப்படகில் உட்கார்ந்தே பார்க்காத இளையவர்கள் கையில் சுக்கானைக் கொடுக்க வேண்டும். நண்பர் கொஞ்சம் யோசித்தார். தன் ஃபயர்ஃபிளையைத் தெரியாத பிள்ளையிடம் கொடுப்பதைக் கற்பனை செய்து பார்த்தாரோ என்னவோ. சரி என்று எழுதினார்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு மறுபடி பாட்சன் போனோம். முந்தாநாள் சேறு கிடந்த இடம் விளிம்பு தளும்பும் ஏரியாக இருந்தது. சாய்ந்து கிடந்த படகுகளெல்லாம் எழுந்து நின்று காற்றைப் பார்த்துத் திரும்பியிருந்தன. நண்பர் மடக்கு அளவுகோலை எடுத்து, நீரில் இறங்கும் சரிவுத்தளத்தின் அகலத்தை அளந்தார். பின்னால் ஒரு தள்ளுவண்டி இருப்பதாக நினைத்துக்கொண்டு நடக்கச் சொன்னார். நடந்தேன். பாசியில் எந்த இடத்தில் கால் வழுக்குகிறது என்று இரண்டு பேரும் பார்த்து, அதைக் குறித்தார்.

பிறகு அங்கேயே நின்று, பட்டியலில் முதல் அழைப்பைச் செய்தார். நேஷனல் 12-க்குச் சொந்தக்காரர். தேதி சொல்லவில்லை, வருவீர்களா என்றும் கேட்கவில்லை. “அவள் தண்ணீர் குடித்து முடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்?” என்றுதான் கேட்டார். எதிர்முனையில் நீண்ட பதில். நண்பர் தலையாட்டிக்கொண்டே, வெள்ளிக்கிழமை என்று எழுதியிருந்த வரிக்குப் பக்கத்தில், ‘காலை 10 மணிக்குள் நீரில்’ என்று எழுதினார்.